காத்திருக்கும் ஏழு பேர்

வணக்கம்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமின் இலவச வடிவத்தை இரண்டு மாதமாக ஆடிவருகிறேன். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது. இப்போது லெவல் 50. முதல் பாகமான ‘எ ரியல்ம் ரீபார்ன்’ கதை முடிந்து திரையில் பெயர்கள் ஓடின. அப்பாடா என்று நினைத்தால், அடுத்த பாகத்துக்குப் போவதற்குள் இன்னும் ஏராளமான குவெஸ்ட் வரிசைகட்டி நிற்கிறது. இவரிடம் போய்ப் பேசு, அவரிடம் போய்ச் சொல், திரும்பி வா. கூட ஆடும் நண்பர்கள் மூன்று பேரும் ஒரு கட்சீன்கூட (நடுவில் ஓடும் கதைக் காட்சி) பார்த்ததில்லை. “கேமே லெவல் 100-லதான் ஆரம்பிக்குது. எல்லாத்தையும் ஸ்கிப் பண்ணு, இல்லன்னா காசு கொடுத்து மொத்தமா தாண்டிடு” என்கிறார்கள்.

ஸ்கிப் செய்யலாமா? அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. பலரோடு சேர்ந்து ஆடும் கேமில் கதை எதற்கு? கதை வேண்டுமென்றால் தனியாக ஆடும் கேம்கள் இருக்கின்றனவே. ஜப்பான்காரர்கள் ஏன் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள்? சண்டையும் மந்தம், ஒரு பொத்தானை அழுத்திவிட்டு இரண்டரை நொடி சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. வசனமோ சிறுபிள்ளைத்தனம்.

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்த ‘கதை எதற்கு’ என்ற கேள்வி சில வாரங்களாக என் மண்டையையும் குடைந்துகொண்டிருக்கிறது. அதனால் மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன்.

வசனம் சிறுபிள்ளைத்தனம் என்கிறீர்கள். அடுத்த பாகத்தில் வரும் இஷ்கார்ட் நகரத்துக்குள் கால் வைத்து, பத்து லெவல் ஆடிவிட்டு இதே வரியை எழுதுங்கள். அதுவரை இதை ஒரு கருத்தாக நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

சண்டை மந்தம் என்பதில் பாதி உண்மை. முக்கியத் தாக்குதல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 2.5 நொடி. அந்த இடைவெளி சும்மா நிற்பதற்கல்ல. அதற்குள் நுழைக்க வேண்டிய தனித் திறன்கள் இருக்கின்றன. லெவல் 50-இல் உங்களிடம் அவை கொஞ்சமாகத்தான் இருக்கும், அதனால் வெறுமை தெரிகிறது. 70-ஐ நெருங்கும்போது ஓர் இடைவெளிக்குள் இரண்டைப் போட வேண்டிய கட்டம் அடிக்கடி வரும். ஒவ்வொன்றும் உங்கள் கையை அரை நொடிக்குச் சற்று அதிகமாகக் கட்டிப்போடும். நம் ஊரிலிருந்து ஆடினால் சர்வருக்குப் போய்வரும் நேரமும் அதன் தலையில் ஏறும். இரண்டாவது திறன் அடுத்த முக்கியத் தாக்குதலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அந்தப் போய்வரும் நேரம், அதாவது பிங், அதிகமாக இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று. தரையில் ஆரஞ்சு வட்டம் தெரியும்போது வெடிப்பைப் பார்த்த பிறகு ஓடலாம் என்று இருக்காதீர்கள். எதிரியின் மந்திரப் பட்டை நிரம்பி முடிகிற கணத்தில் நீங்கள் நின்ற இடத்தைத்தான் சர்வர் கணக்கில் எடுக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிவது அதற்குப் பிறகு. ‘நான் வெளியேதானே இருந்தேன், எப்படி அடிபட்டேன்’ என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான்.

போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

கதையும் ஆட்டமும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன என்பது எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. நீங்களும் அதையே திருப்பிச் சொல்கிறீர்கள். நான் பார்த்தவரை அடித்துக்கொள்வது அவை இரண்டும் அல்ல. தனி ஆளின் நேரமும் கூட்டத்தின் நேரமும்தான் அடித்துக்கொள்கின்றன. கதை கேட்பவருக்கு ஒரு நிதானம் வேண்டும். இந்த கேமில் குரல் பதிவில்லாத வசனங்களில் ஒவ்வொரு வரிக்கும் வழக்கமாக நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி வருகிறது, கவனித்தீர்களா? கதை கேட்கும் குழந்தை ‘ம்’ கொட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. நீங்கள் ‘ம்’ என்னும்வரை சொல்கிறவர் காத்திருக்கிறார். ஆனால் உங்களோடு ஒரே டஞ்சனுக்குள், குழுவாகப் போகும் சண்டைக் களத்துக்குள், நிற்கும் முகம் தெரியாத ஏழு பேர் ஏன் காத்திருக்க வேண்டும்?

ரீபார்ன் கதையின் முடிவில் வரும் பிரேட்டோரியம் என்ற டஞ்சனை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தது திருத்திய வடிவம். 2013-இல் வந்தபோது அது எட்டுப் பேர் போகும் இடம்: அடியைத் தாங்கும் டேங்க் இரண்டு பேர், காயம் ஆற்றும் ஹீலர் இரண்டு பேர், தாக்குபவர்கள் நாலு பேர். கதையின் உச்சம் முழுவதும் அதற்குள்தான், அதனால் அடிக்கொரு கட்சீன். எட்டுப் பேரில் ஒருவர் புதியவர், ஏழு பேர் ஏற்கெனவே முடித்தவர்கள் என்று வையுங்கள். ஏழு பேர் கட்சீனைத் தாண்டிவிட்டு ஓடுவார்கள். பெரிய எதிரியான பாஸ் இருக்கும் இடத்தை அடைந்து சண்டையைத் தொடங்கியதும் 15 நொடியில் அந்த அரங்கு அடைபட்டுவிடும். புதியவர் வில்லனின் பேச்சைக் கேட்டு முடித்து வெளியே வந்தால் எதிரே ஒளிச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பாஸ் செத்துக்கொண்டிருக்கும். சுவர் விலகியதும் ஓடிப்போய்ச் சேர்ந்தால் அடுத்த கட்சீன். கதையின்படி உலகத்தைக் காப்பாற்றிய வீரர் இவர்தான். ஆட்டத்தின்படி ஒரு பாஸையும் இவர் தொட்டிருக்க மாட்டார். இல்லையென்றால் வெட்கப்பட்டு, மற்றவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று, ஐம்பது லெவலாகச் சேர்த்துவந்த கதையின் முடிவை அவரே ஸ்கிப் செய்துவிடுவார்.

2018 ஜனவரியில், 4.2 பேட்ச் என்ற புதுப்பிப்பில், தயாரிப்பாளர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். பிரேட்டோரியத்திலும் அதற்கு முந்தைய காஸ்ட்ரம் மெரிடியானத்திலும் கட்சீனை இனி யாரும் தாண்ட முடியாது. எட்டுப் பேரும் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். பழையவர்களுக்கு ஈடாக நிறைய அனுபவப் புள்ளிகள். விளைவு உங்களுக்கே தெரிந்திருக்கும்: பழையவர்கள் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். புதியவருக்குக் கதை முழுசாகக் கிடைத்தது. ஆனால் அவரைச் சுற்றி ஏழு பேர் சலிப்போடு நின்றார்கள், அதுவும் அவருக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் 6.1 பேட்ச் வந்தபோதுதான் முடிச்சை அவிழ்த்தார்கள். எட்டுப் பேர் நாலு பேரானார்கள். கடைசி மோதல் தனியாகப் பிரிந்தது. மனிதர்களே வேண்டாம் என்றால் கணினிப் பாத்திரங்களை அழைத்துக்கொண்டு உங்கள் வேகத்தில் போகலாம். நீங்கள் நின்றால் அவர்களும் நிற்பார்கள்.

ஒரே டஞ்சன், ஒரே கதை, ஒரே வசனம். மூன்று வடிவங்களில் மாறியது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும். முதல் வடிவத்தில் கதை நசுங்கியது, இரண்டாவதில் கூட்டம் நசுங்கியது. இதை ‘கதையா ஆட்டமா’ என்று பிரித்துப் பேசினால் ஒன்றும் புரியாது. ஆனால் அப்படித்தான் பத்துப் பதினைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தலைவலி ஃபைனல் ஃபேன்டஸி 14-ஓடு தொடங்கியதல்ல. 2002 மே மாதம் ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டஸி 11 வந்தது. ப்ளேஸ்டேஷன் 2-இல், தனியாக ஹார்ட் டிஸ்க் பொருத்தி ஆட வேண்டும். ஜப்பானியரும் ஆங்கிலம் பேசுபவர்களும் ஒரே சர்வரில் கலந்து ஆடினார்கள். ஒரு சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துப்போட்டால் எதிராளிக்கு அவர் மொழியில் தெரியும். அங்கே கதையை முன்னேற்ற உங்களுக்கு இன்னும் ஐந்து பேர் வேண்டும். அந்த ஐந்து பேரும் கதையில் உங்கள் கட்டத்திலேயே நிற்க வேண்டும், அல்லது உங்களுக்காக மெனக்கெட மனம் இருக்க வேண்டும். 2004-இல் வந்த ‘செயின்ஸ் ஆஃப் பிரொமாத்தியா’வில் அது உச்சம். பிரொமைவியன் என்ற வெறுமை உலகத்துக்குள் நுழைந்தால் நீங்கள் எந்த லெவலாக இருந்தாலும் 30-க்கு இறக்கிவிடும். 30-க்கு மேற்பட்ட கவசமும் ஆயுதமும் பயன்படாது. பெட்டிக்குள் எப்போதோ போட்ட பழைய சாமான்களைத் தேடியெடுத்து, தேவையான மருந்துகளைச் சேர்த்து, ஜூனோ நகரத்தில் நின்று ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று கூவ வேண்டும். உள்ளே ஒவ்வொரு தளத்திலும் நினைவுக் கலங்கள் நிற்கும். அவற்றில் ஒன்றை உடைத்தால்தான் மேலே போகும் வாசல் திறக்கும், எது என்று தெரியாது. செத்தால் அனுபவப் புள்ளிகள் போகும், லெவலே இறங்கவும் செய்யும். ஆறு பேரில் ஹீலர் கிளம்பிப்போனால் அந்த மாலை அத்தோடு சரி.

இவ்வளவு கஷ்டப்பட்டு மேலே ஏறியவர்களுக்கு அந்தக் கதை ஏன் இன்றும் மறக்கவில்லை என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். வெறுமை என்று கதை சொன்னது. அந்த வெறுமைக்குள் ஆறு பேர் சேர்ந்து வழி தெரியாமல் சுற்றினார்கள். சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருந்தன. பிறகு லெவல் வரம்பை எடுத்துவிட்டார்கள். 2013 டிசம்பரில் ‘டிரஸ்ட்’ என்ற மந்திரத்தைக் கொடுத்து, கணினித் தோழர்களை அழைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகவே முடிக்கலாம் என்றும் ஆக்கினார்கள். செய்தது சரிதான், ஆள் குறைந்துபோன உலகத்தில் வேறு வழியில்லை. இன்று போகிறவருக்குக் கதை முழுசாகக் கிடைக்கும். கூவிக் கூவிச் சேர்த்த அந்த ஐந்து பேர் கிடைக்க மாட்டார்கள்.

கூட்டத்தின் நேரத்துக்கு அணையே போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே கேமில் தெரிந்தது. 2008-இல் பாண்டமோனியம் வார்டன் என்ற எதிரியோடு ஒரு குழு 18 மணி நேரம் தொடர்ந்து சண்டை போட்டது. ஆட்கள் வாந்தி எடுத்து, மயங்கி, கடைசியில் முடிக்காமலே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டைக்கு இரண்டு மணி நேர வரம்பு வந்தது.

இந்த முடிச்சை வேறு மாதிரி தொட்டவர்களும் உண்டு. 2000 டிசம்பரில் டிரீம்காஸ்ட் கருவிக்கு வந்த ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைனில் நாலு பேர் சேர்ந்து ராகோல் என்ற கிரகத்தில் இறங்குவீர்கள். ரிகோ என்ற பெண் உங்களுக்கு முன்பே அந்த வழியாகப் போயிருக்கிறாள். போகிற வழியில் சிறிய செய்திப் பேழைகளை விட்டுச் சென்றிருக்கிறாள். சண்டை முடிந்த அறையின் மூலையில் ஒன்று கிடக்கும். விருப்பமிருந்தால் தொட்டுப் படிக்கலாம், இல்லாவிட்டால் ஓடலாம். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். காட்டில் உற்சாகமாகப் பேசும் அந்தக் குரல், குகை, சுரங்கம் என்று கீழே இறங்க இறங்க மாறுகிறது. கடைசியில் எதை அடிக்கப் போகிறோம் என்று பேழைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு அது வெறும் பெரிய பாஸ். நாலு பேரும் ஒரே சண்டையைத்தான் போடுகிறார்கள். என் கண்ணில் இன்றுவரை இதைவிட மரியாதையான ஏற்பாடு இல்லை.

அந்த கேமின் வாரிசோ இதை அடியோடு கெடுத்தது. 2012-இல் ஜப்பானில் வந்த ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன் 2-இல் கதை ‘மேட்டர் போர்டு’ என்ற பலகையில் பூட்டப்பட்டிருந்தது. பலகையில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் திறக்க, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எதிரியை அடித்து, அது போடும் குறிப்பிட்ட பொருளை எடுக்க வேண்டும். போடுமா போடாதா என்பது அதிர்ஷ்டம். தற்செயல்களைக் கோத்து விதியை மாற்றுவதுதான் அந்தக் கதையின் கரு. ஆக யோசனை கதையிலிருந்தே பிறந்தது. காகிதத்தில் அழகு. கையில் வந்தபோது, காட்சி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே விலங்கை எத்தனையோ முறை அடிக்க வேண்டியிருந்தது. அதற்குள் முந்தைய காட்சியில் யார் அழுதார்கள் என்பது மறந்துபோகும். நான்காம் பாகத்தில் அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டார்கள்.

டிராகன் குவெஸ்ட் 10 பற்றி நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அது ஆங்கிலத்தில் வரவேயில்லை. 2012 ஆகஸ்டில் நின்டெண்டோவின் வீ கருவிக்கு வந்தது. ஆன்லைன் கேம், ஆனால் தொடக்கம் ஆன்லைனில் இல்லை. முதலில் ஒரு கிராமத்தில், மனிதனாக, இணைப்பே இல்லாமல் தனியாக ஆடுவீர்கள். அந்தக் கிராமம் அழிகிறது. நீங்கள் சாகிறீர்கள். வேறோர் இனத்தின் உடலில் உயிர்த்தெழும்போதுதான் மற்ற மனிதர்கள் நடமாடும் உலகம் திறக்கிறது. தனிமையிலிருந்து கூட்டத்துக்குப் போவதையே கதையின் முதல் திருப்பமாக வைத்துவிட்டார்கள். இதைவிட முக்கியம், அவர்களுடைய துணையாள் ஏற்பாடு. நீங்கள் கேமை விட்டு வெளியேறும்போது உங்கள் பாத்திரத்தை மதுக்கூடத்தில் பதிந்துவிட்டுப் போகலாம். நீங்கள் தூங்கும்போது முகம் தெரியாத ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து, தன் கதைக்குத் துணையாகக் கூட்டிப்போவார். கணினி அதை நடத்தும். மறுநாள் நீங்கள் வரும்போது அது சம்பாதித்த அனுபவமும் காசும் உங்களுக்கு. உடல் உங்களுடையது, நேரம் அவருடையது. கட்சீனுக்கு அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆட்டம் எளிதாகிவிட்டது என்று இதைக் குறைசொல்பவர்கள் அந்தச் சண்டையை ஆடிப் பார்க்காதவர்கள். அங்கே உடலுக்கு எடை உண்டு. பெரிய பூதம் உங்கள் மந்திரவாதியை நோக்கி நடக்கும்போது எடை கூடிய போர்வீரர் குறுக்கே நின்று நெஞ்சால் முட்டித் தள்ளலாம். ஜப்பானியர்கள் அதைச் சுமோ என்றே சொல்கிறார்கள். எடை சமமென்றால் இரண்டும் நகராமல் நிற்கும், அந்த நொடிகளில் பின்னால் இருப்பவர்கள் வேலையை முடிக்க வேண்டும். காப்பவர் காக்கிறார் என்று வசனம் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் நண்பர்களிடம் வருகிறேன். கேம் லெவல் 100-இல் ஆரம்பிக்கிறது என்கிறார்களே, லெவல் 100-க்குப் போனவர்கள் தினமும் ரூலெட்டில், ஏதோ ஒரு டஞ்சனுக்கு அனுப்பும் குலுக்கலில், எங்கே போய் விழுகிறார்கள் என்று கேளுங்கள். லெவல் 15-க்கான சஸ்தாஷாவில். 41-க்கான ஸ்டோன் விஜிலில். கேம் அவர்கள் லெவலை இறக்கி, உங்களைப் போன்ற ஒருவரின் குழுவை நிரப்ப அங்கே அனுப்புகிறது. குழுவில் புதியவர் இருந்தால் உள்ளே நுழைந்ததும் சாட்டில் ஒரு வரி வரும், முடித்தால் எல்லோருக்கும் கூடுதல் வெகுமதி என்று. காத்திருப்பதற்குக் கூலி கொடுக்கிறார்கள், எஸ். இந்த கேமின் மொத்தக் கட்டுமானமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. புதியவர்கள் கதை கேட்டபடி மெதுவாக வந்துகொண்டே இருந்தால்தான் பழையவர்களுக்குத் தினசரி வேலை. எல்லோரும் தாண்டிவிட்டால் லெவல் 100-இல் உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கு டேங்க் ஆவார்கள்?

சஸ்தாஷா என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே தரையில் இரத்தக்கறை படிந்த ஒரு சீட்டு கிடந்ததே, படித்தீர்களா? அதில் ஒரு நிறம் எழுதியிருக்கும்: சிவப்பு, நீலம், பச்சை மூன்றில் ஒன்று. சற்று உள்ளே போனால் மூன்று நிறங்களில் பவளப் புற்றுகள். சீட்டில் சொன்ன நிறத்தைத் தொட்டால் சரி, தவறானதைத் தொட்டால் எதிரிகள் மேலே விழுவார்கள். கடற்கொள்ளையரின் இரகசியக் குறிப்பைப் படித்து அவர்கள் குகையின் கதவைத் திறக்கிறீர்கள். லெவல் 15-இல், கட்சீன் இல்லாமல், அரை வரியில் ஒரு கதை. ஆனால் நீங்கள் சீட்டுக்குக் குனிவதற்குள் பழையவர் ஒருவர் ஓடிப்போய்த் தொட்டிருப்பார். உங்களுக்கு அது மூன்று வண்ணப் பாறைகள் மட்டும்.

எல்லோருடைய நேரமும் ஒன்றாக இருந்த ஒரு தருணமும் இந்த கேமின் வரலாற்றில் உண்டு. 2010 செப்டம்பரில் வந்த, ரீபார்னுக்கு முந்தைய முதல் வடிவம் படுதோல்வி. ஒரு பூந்தொட்டிக்கு ஒரு ஆட்டக்காரரின் உருவத்துக்குச் சமமான பலகோணங்களைச் செலவழித்திருந்தார்கள்; அதனால் ஓர் இடத்தில் நிறையப் பேரைத் திரையில் காட்டவே முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நவோகி யோஷிதா தயாரிப்பாளராகப் பொறுப்பேற்றார். பழையதை நடத்திக்கொண்டே புதியதைக் கட்டினார். பழைய உலகத்தை மூடியாக வேண்டும். அதைக் கதையாகவே மூடினார்கள். வானத்தில் டாலமுட் என்ற சிவப்பு நிலா பேட்ச்சுக்குப் பேட்ச் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் நின்றன, நிலா உடைந்து பகமூத் என்ற டிராகன் வெளியே வரும் காட்சி ஓடியது. நீங்கள் ரீபார்னில் ஏழாம் பேரழிவு என்று கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தீர்களே, அது இதுதான். அன்று அங்கே இருந்தவர்களுக்கு அது கேள்விப்பட்ட செய்தி அல்ல. அவர்களில் பலருடைய பாத்திரங்களின் உடலில் ஒரு பச்சைக்குறியும், ரீபார்ன் முடிந்து ஓடும் பெயர்களில் அவர்கள் பெயரும் இருக்கின்றன. கதையும் ஆட்டமும் இவ்வளவு ஒட்டிப்போன இன்னொரு நாளை எனக்குத் தெரியாது. ஆனால் அதைத் திரும்ப ஆட முடியாது. நீங்கள் பத்து வருடத்துக்கு மேல் பிந்தி வந்தவர், உங்களுக்கு அதன் வீடியோதான் மிச்சம். கூட்டத்தின் நேரத்தில் கதை சொன்னால் வராதவர்களுக்குக் கதை இல்லை. குவெஸ்ட் வரிசையாக நின்று உங்களை அலுக்கவைக்கிறது என்கிறீர்களே, அந்த வரிசை உங்களைப் போலப் பிந்தி வருகிறவர்களுக்காக நிற்கிறது.

அதற்காக அந்த வரிசை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நீங்கள் நிற்கும் இடம், ரீபார்னுக்கும் (2.0) அடுத்த பாகத்துக்கும் (3.0) நடுவில், இந்த கேமின் மிக மெலிந்த பகுதி. முதலில் இன்னும் மோசமாக இருந்தது. 2020 ஆகஸ்டில் 5.3 பேட்ச்சில் ரீபார்ன் குவெஸ்ட்களைக் கணிசமாகக் கத்தரித்தார்கள். அதே பேட்ச்சில் இன்னொன்றும் செய்தார்கள். அதுவரை விருப்பமிருந்தால் போகலாம் என்று இருந்த கிறிஸ்டல் டவர், 24 பேர் போகும் மூன்று டஞ்சன்கள், கட்டாயமாயிற்று. காரணம் பின்னால் வரும் ஷேடோபிரிங்கர்ஸ் என்ற பாகத்தின் கதையில் இருக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன். அங்கே நீங்கள் சந்திக்கும் மனிதர்களின் பெயர்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்த பத்தியை நீங்கள் தாண்டிவிடுங்கள், எஸ். மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கும் அடுத்த பாகமான எண்ட்வாக்கரில், கார்லமால்ட் என்ற பனி மூடிய நகரத்தில், எதிரி உங்கள் உடலை எடுத்துக்கொள்கிறான். நீங்கள் ஒரு சாதாரணச் சிப்பாயின் உடலில் விழிக்கிறீர்கள். எண்பது லெவலாக விரல்களுக்குப் பழகிய திறன் பட்டை காணாமல் போயிருக்கும், விரல் விட்டு எண்ணும்படி சில மிச்சம். தெருவில் எதிரிகள் சேர்ந்து வந்தால் சாவுதான். மறைந்து போக வேண்டும், கிடக்கிற மருந்தைப் பொறுக்க வேண்டும், இயந்திரத்துக்கு எரிபொருள் தேட வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் உடலை அணிந்த அவன் உங்கள் நண்பர்களின் முகாமை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். கடைசியில் ஓட்டமும் போய்விடும். பொத்தானை முழுசாக அழுத்தியும் உங்கள் ஆள் நொண்டி நொண்டித்தான் நகர்வான். வெளிவந்தபோது பலர் இதைத் திட்டினார்கள். தோற்றுத் தோற்றுத் திரும்ப ஆட வேண்டியிருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது என்று. அந்த எரிச்சல்தான் கதை. வீரனாக இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை ஒரு வசனமும் இப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே ஸ்கிப் பொத்தானால் பயனில்லை, நடந்துதான் ஆக வேண்டும்.

ஸ்கிப் செய்யலாமா என்று கேட்டீர்கள். எரிகல் சின்னம் உள்ள முக்கியக் குவெஸ்ட்களில் செய்யாதீர்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி மட்டும் உள்ளவற்றைத் தாண்டிப்போனால் குற்றமில்லை. நீலத்தில் கூட்டல் குறி போட்டவற்றை விடாதீர்கள், டஞ்சன்களும் புதிய வசதிகளும் அவற்றில்தான் திறக்கும். இரவு பதினொன்றரைக்குக் கண் சொருகும்போது ஸ்கிப் செய்யத் தோன்றும். அப்போது தேவை தூக்கம், அணைத்துவிட்டுப் படுங்கள். டஞ்சன்களுக்குக் கணினித் தோழர்களோடு போங்கள். கொஞ்சம் மெதுவாக முடியும், ஆனால் சஸ்தாஷாவின் சீட்டைப் போன்றவற்றை நிதானமாகப் படிக்கலாம். கிறிஸ்டல் டவருக்கு மனிதர்கள்தான் வேண்டும். நுழைந்ததும் முதல் முறை என்று சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டு கட்சீனைப் பாருங்கள். மற்ற 23 பேர் சமாளித்துக்கொள்வார்கள். அதையும் மீறி எதையாவது தவறவிட்டால், எந்த நகரத்து விடுதி அறையிலும் ‘அன்எண்டிங் ஜர்னி’ என்ற புத்தகம் இருக்கிறது, முக்கியக் காட்சிகளை அங்கே திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

காசு கொடுத்துத் தாண்டும் யோசனையை நண்பர்கள் சொன்னார்களே, அவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபம். இலவச வடிவத்தில் அதை வாங்கவே முடியாது. முதலில் முழு கேமை வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தக் கணக்கோடு மறுபடி இலவச வடிவத்துக்கு வர வழியில்லை, முதல் மாதம் போக, ஆடுகிற மாதமெல்லாம் சந்தா கட்ட வேண்டும். தாண்டும் பொருளும் ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரிலிருந்து இலவச வடிவத்திலேயே ஸ்டார்ம்பிளட் என்ற பாகம் முடிய, லெவல் 70 வரை ஆடலாம். உங்கள் வேகத்தில் அது பல மாதம் வரும். நீங்களாகப் பார்ட்டி அமைக்க முடியாது, கடைவீதியில் விற்க முடியாது, கேமின் காசான கில்லை 300,000-க்கு மேல் சேர்க்க முடியாது. கதைக்கு இவை எதுவும் குறுக்கே நிற்காது. நண்பர்கள் உங்களோடு ஆட விரும்பினால் அவர்கள் அழைப்பு அனுப்பட்டும்.

இஷ்கார்டுக்குள் போனதும் பில்லர்ஸ் பகுதியில் டார்க் நைட் என்ற வேலையின் (பாத்திரத்தின் சண்டைத் தொழில்) முதல் குவெஸ்ட் இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை லெவல் 30-இல் தொடங்கும், கதையை எழுதியவர் நட்சுகோ இஷிகாவா. பின்னாளில் ஷேடோபிரிங்கர்ஸ் எழுதியவரும் அவர்தான். அது தனியாகவே ஆட வேண்டிய கதை, யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதன் லெவல் 50 குவெஸ்ட்டை முடிக்கிற இரவு எனக்கு எழுதுங்கள்.